மாக்பெத்தும் குருதிக் கறையும்

ஷேக்ஸ்பியர் மகாகவி இயற்றிய துன்பியல் நாடகங்களுள் அளவாற் சிறியது மாக்பெத். 1606-ஆம் ஆண்டை ஒட்டி இயற்றப்பெற்று, ஆசிரியர் மறைந்து ஏழாண்டுகள் கழிந்தபின் 1623-இல் முதன்முதல் அச்சேறிய இந்நாடகம், நம் நாட்டுக் கல்லூரிகளிற் பல தலைமுறை மாணவர்களாற் பாடமாகப் பயிலப்பெற்று வந்துள்ளது. விபுலாநந்த அடிகள் 1926-இல் வெளியிட்ட மதங்க சூளாமணி என்னும் நூலில் ஷேக்ஸ்பியருடைய நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்தி ஆராய்ந்து காட்டினார். ஆதலின் தமிழிலே இவற்றைப்பற்றிப் பேசுதல் புதுவழக்கன்று. இந்நாடகத்தைப் பயின்றோர் யாவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. ஏட்டைப் புரட்டுந்தோறும் அங்கே குருதி காணப்படும். அக்குருதி எதனைக் குறிக்கின்றது என்று தேர்வில் வினவினால், குற்றவுணர்வைக் குறிக்கின்றது என விடை வரைந்து மதிப்பெண் பெறுதல் எளிது. அவ்விடை பிழையன்று, ஆயினும் அது பாதி விடையே என்பது எம் துணிபு. எஞ்சிய பாதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் கருத்தை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம். குற்றம் பெருகப் பெருகக் கறையும் பெருகும் என்று நாம் எதிர்பார்க்கின்றோம். ஷேக்ஸ்பியர் காட்டுவதோ அதற்கு மறுதலை. மாக்பெத்தின் குற்றங்கள் வளர வளர, அவன் கையிற் படியும் குருதி குறைந்துகொண்டே செல்கின்றது. முதற் கொலையில் இரு கையும் சிவக்கின்றன, இரண்டாவதில் மற்றொருவன் முகத்திலே ஒரு கறை தெரிகின்றது, மூன்றாவதில் அதுவுமில்லை. அவன் மனைவிக்கோ, கழுவித் தூய்மையான கையிலே கறை தோன்றத் தொடங்குகின்றது. இவ்விருவருள் யார் மிகக் கெட்டவர் என்னும் வினாவுக்கு விடை, யார் கையில் குருதி உள்ளது என்பதனால் அமைவதன்று. யார் அதனைக் காண்கின்றனர் என்பதனாலேயே அமையும். இதனை நாடகத்தின் போக்கைத் தொடர்ந்து சென்று காண்போம்.

நாடகத்தின் இரண்டாங் காட்சியிலே, உடலெங்கும் காயமுற்றுக் குருதி ஒழுகும் போர்வீரன் ஒருவன் ஸ்காத்லாந்து மன்னனாகிய டங்கன் முன் வருகின்றான். குருதியில் தோய்ந்த இவன் யாவன் என்று வினவிக்கொண்டே மன்னன் நமக்கு அறிமுகமாகின்றான். அவ்வீரன் மாக்பெத்தின் வெற்றியை விரித்துரைக்கின்றான். மாக்பெத்தின் வாள் சிந்திய குருதியால் ஆவி எழுந்ததாம். கலகத் தலைவன் ஒருவனைக் கொப்பூழ் முதல் தாடைவரை பிளந்து, அவன் தலையைக் கோட்டை மதிலின்மேல் நாட்டினானாம். கேட்ட மன்னன் முகஞ் சுளித்தானா? இல்லை. வீரமிக்க உறவினன் என்று வியந்து புகழ்கின்றான். அக்காட்சி முடிவதற்குள் புதிய பட்டமும் வழங்குகின்றான். சாந்தகுணம் வாய்ந்தவன் என்று நாம் போற்றும் டங்கனே, குருதி சிந்திய கையை முதன்முதற் பாராட்டியவன் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. போரும் கொலையும் ஒன்றே என்று யாம் கூறவில்லை. நாடு காத்தற்கு வாளெடுப்பவனும், உறங்குவோன் நெஞ்சில் கட்டாரி பாய்ச்சுவோனும் ஒருவராகார். ஆயினும் குருதியைக் கண்டு கூசாத பழக்கம் மாக்பெத்தின் கைக்குப் புகழின் வாயிலாகவே வந்தது. அவன் பிறர் தலையை மதிலேற்றிய செய்தியோடு தொடங்கும் நாடகம், அவன் தலையை மாக்டப் ஏந்திவரும் காட்சியோடு முடிகின்றது. இடைநின்றவை அனைத்தும் ஒரு கையின் வரலாறு எனலாம்.

இனிப் பேரவாவின் செய்தி. நம் வள்ளுவனார் ஊக்கமுடைமை என ஓர் அதிகாரமும், அவாவறுத்தல் என வேறோர் அதிகாரமும் வகுத்தார். மேன்மேலும் உயர்தல் வேண்டும் என்னும் உள்ளக்கிளர்ச்சி வேறு. பிறனுக்குரியதைத் தனதாக்கிக்கொள்ள விழையும் வேட்கை வேறு. மாக்பெத்தினிடம் முன்னது பின்னதாகத் திரியும் கணத்தை, சூனியக்காரியர் மூவரைச் சந்திக்கும் காட்சியிற் காண்கின்றோம். அரசனாவாய் என்று அவர்கள் கூறினரேயன்றிக் கொலை செய் என்று கூறினாரல்லர். கொலை அவனது நெஞ்சிலேயே எழுந்தது. இச்செய்தியைத் திருமுகத்தின் வாயிலாக அறிந்த அவன் மனைவி, கொடிய ஆவிகளை அழைத்து, தன் உடலிலுள்ள குருதியைத் தடிக்கச் செய்யுமாறும், இரக்கம் உள்ளே வரும் வழியை அடைத்துவிடுமாறும் வேண்டுகின்றாள். குருதி உடலெங்கும் சுற்றியோடுகின்றது என வில்லியம் ஹார்வி என்னும் மருத்துவர் நூலெழுதி நிறுவியது 1628-இல். ஷேக்ஸ்பியரோ 1616-லேயே மறைந்தவர். அவர் காலத்தார், குருதி முதலிய நான்கு நீர்களின் கலப்பே மனிதனது குணத்தை ஆள்வது என நம்பினர். ஆதலின் அவள் வேண்டுகோள் அணிநயத்துக்காகச் சொல்லியதன்று. தன் இயல்பையே மாற்றிவிடுமாறு கேட்கின்றாள். இங்கே ஒன்று நோக்கத்தக்கது. வாராத வெள்ளத்துக்கு எவரும் அணை கோலுவதில்லை. இரக்கம் வரும் வழியை அடைக்க வேண்டுபவள் இரக்கமுள்ளவளாகவே இருத்தல் வேண்டும். உறங்கும் டங்கனின் முகம் தன் தந்தையின் முகத்தை ஒத்திராவிடின் தானே கொன்றிருப்பேன் என்று அவள் பின்னர்க் கூறுவதும் இதற்குச் சான்று.

மாக்பெத்தின் நிலை இன்னும் வியப்புக்குரியது. நள்ளிரவிலே டங்கன் உறங்கும் அறையை நோக்கிச் செல்லும்போது, வெளியில் ஒரு கட்டாரி மிதப்பதாக அவனுக்குத் தோன்றுகின்றது. முதலில் தூயதாகத் தோன்றிய அக்கட்டாரியில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே குருதித் துளிகள் அரும்புகின்றன. இன்னும் ஒரு துளியும் சிந்தவில்லை. அதற்குமுன் குருதி வந்துவிட்டது. குற்றவுணர்வு குற்றத்தின் பின்னே வருவது என்பர். ஈண்டு அது முன்னே வந்து வழிமறித்து நிற்கின்றது. கண்டும் அவன் மேலே நடக்கின்றான். அவாவையும் பழியையும் இருவேறு பொருள்களாகப் பிரித்து, இவ்விடத்துக் குருதி அவாவின் குறி, அவ்விடத்துக் குருதி பழியின் குறி எனப் பட்டியல் வகுப்போர் இக்காட்சியை மீண்டும் பயிலல் நன்று. ஒரே துளி ஒரே கணத்தில் அவனை அழைக்கவும் செய்கின்றது, தடுக்கவும் செய்கின்றது.

ஷேக்ஸ்பியர் இக்கதையை ஹாலின்ஷெட் தொகுத்த வரலாற்று நூலின் 1587-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து எடுத்தாண்டார். மெய்வரலாற்றில் டங்கன் 1040-இல் போரில் மாண்டான். மாக்பெத் 1057 வரை 17 ஆண்டுகள் அரசாண்டான். விருந்தாக வந்து உறங்கும் மன்னனைக் கொன்ற செய்தி, அந்நூலில் டப் என்னும் வேறொரு மன்னனைப்பற்றிய பகுதியில் உள்ளது. அங்கே டான்வால்டு என்பவன், மனைவி தூண்ட, தன் பணியாளர் நால்வரைக்கொண்டு அம்மன்னனைக் கொல்விக்கின்றான். நாடகாசிரியர் அந்நால்வரையும் நீக்கிவிட்டார். அவருடைய மாக்பெத், தன் விருந்தினனும் உறவினனும் அரசனுமாகிய டங்கனைத் தன் கையாலேயே கொல்கின்றான். இம்மாற்றம் எதற்கு? கறை கையிற் படுதல் வேண்டும் என்பதற்கே. அக்கால அரங்கத்தார் குருதியைக் காட்டுதற்குக் கூசியவரல்லர்; வேறொரு நாடகத்தின் அரங்கக் குறிப்பிலே குருதிச் சிமிழ் மூன்றும், ஆட்டின் ஈரல் முதலிய உறுப்புகளும் வேண்டும் எனக் குறிக்கப்பெற்றுள்ளது. அங்ஙனமிருந்தும் டங்கன் கொலையுண்பதை அவையோர் காண்பதில்லை. கொன்றவன் கையையே காண்கின்றனர்.

அக்கையைப்பற்றிக் கணவனும் மனைவியும் பேசுவது இந்நாடகத்தின் நடுநாயகம். கடல்கள் அனைத்தும் திரண்டு வரினும் தன் கையைத் தூய்மையாக்கமாட்டா, தன் கையே கடலைச் சிவப்பாக்கிவிடும் என்று அவன் கதறுகின்றான். கட்டாரிகளைத் திரும்பக்கொண்டு சென்று வைக்கவும் அவனுக்குத் துணிவில்லை. அவளே சென்று, காவலர் முகத்திற் குருதியைப் பூசி வருகின்றாள். தன் கையும் அவன் கையின் நிறமே, ஆயினும் தன் நெஞ்சம் அவன் நெஞ்சம்போல் வெளுத்ததன்று என்று இகழ்கின்றாள். சிறிது நீர் இருந்தாற் போதும், இச்செயல் நம்மைவிட்டு நீங்கிவிடும் என்கின்றாள். அவன் கண்ணில் கடலும் போதாது; அவள் கண்ணில் ஒரு குவளை நீர் போதும். சைமன் போர்மன் என்னும் சோதிடர் 1611-இல் குளோப் அரங்கில் இந்நாடகத்தைக் கண்டு தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அவ்விருவர் கையிலும் பட்ட குருதி எவ்வகையாலும் கழுவ இயலாததாயிற்று என்பது அவர் குறிப்பு. அச்சிட்ட நாடகத்திலோ அவ்வாறில்லை; அவர்கள் கழுவச் செல்கின்றனர், மாக்பெத் மீண்டும் வரும்போது எவரும் ஐயுறவில்லை. போர்மன் மறந்து எழுதினாரோ, அன்றி அரங்கிலே அங்ஙனம் நடித்தனரோ, எதுவாயினும் பார்த்தவர் மனத்தில் அக்கறை நீங்காது நின்றது என்பது தெளிவு.

இரண்டாவது கொலை பாங்கோவின் கொலை. இப்போது மாக்பெத் அரசன். முன்னர் நாடகாசிரியர் நீக்கிவிட்ட கூலியாட்கள் இப்போது உள்ளே வருகின்றனர். விருந்து நடக்கும் வேளையில் கொலைஞன் ஒருவன் வாயிலில் வந்து நிற்க, உன் முகத்திலே குருதி உள்ளது என்று மாக்பெத் அவனிடம் கூறுகின்றான். அது பாங்கோவின் குருதி என்று அறிந்ததும், அவன் உள்ளே இருப்பதினும் உன் புறத்தே இருப்பது நன்று என்கின்றான். முதற் கொலையில் தன் கையைப் பார்க்க அஞ்சியவன், பிறன் முகத்துக் கறையைக் கண்டு சொல்நயம் பேசுகின்றான். குருதி தோய்ந்த தலையோடு பாங்கோவின் ஆவி வந்து அமரும்போது நடுங்குகின்றான் என்பது உண்மையே. ஆனால் அப்போதும் அவன் கூறும் முதற் சொல், இதனை நான் செய்தேன் என்று நீ கூறமுடியாது என்பதாம். கையிற் கறையில்லாதவன் பேசும் வழக்காடல் இது. மூன்றாம் ரிச்சர்டு என்னும் முந்திய நாடகத்திலும், ரிச்சர்டின் தமையனைக் கொன்ற கூலியாட்களுள் ஒருவன், பிலாத்துவைப்போலக் கைகழுவ விழைகின்றான்; கொலைக்கு ஏவிய ரிச்சர்டுக்கு அவ்விழைவு எழவில்லை. ஏவலாளன் கையைக் கழுவத் தேடுகின்றான். ஏவியவன் அரியணையைத் தேடுகின்றான்.

அவ்விருந்து முடிந்த இரவில் மாக்பெத் தன் நிலையை ஓர் ஆற்றின் நடுவே நிற்பவன் நிலையாக எண்ணுகின்றான். குருதியாற்றிலே இவ்வளவு தொலைவு வந்துவிட்டேன், இனித் திரும்புவதும் கடப்பதைப் போலவே சலிப்புக்குரியது என்பது அவன் கருத்து. கையை நனைத்த குருதி இப்போது நடந்துசெல்லும் ஆறாகப் பெருகிவிட்டது. ஆயினும் அவன் உணர்ச்சி என்ன? அச்சமன்று, வருத்தமன்று, சலிப்பு. வழிநடைப் பயணி வெயிலிற் சலித்துக்கொள்வதுபோல அவன் கொலையிற் சலித்துக்கொள்கின்றான். இந்நாடகத்திலுள்ள இடங்கள் அனைத்தினும் இதுவே மிகக் கொடியது என்பது எம் கருத்து.

இதனை அடுத்து மூன்றாவது பெருங்குற்றம் நிகழ்கின்றது. மாக்டப் நாட்டைவிட்டு நீங்கியது கேட்ட மாக்பெத், அவன் மனைவியையும் மக்களையும் கொல்விக்கின்றான். அவர்களாற் கொலைஞனுக்கு அரியணையில் ஓர் இடையூறும் இல்லை. அக்கொலை நிகழும் இடத்தில் மாக்பெத் இல்லை. கொன்று மீண்டவனைக் கண்டதாகவும் காட்சியில்லை. அவன் கையிலோ, அவன் எதிரே நிற்பவன் முகத்திலோ ஒரு துளியும் இல்லை. ஆனால் அடுத்த காட்சியிலேயே மால்கம், தன் நாடு நாடோறும் புதுக்காயம் பட்டுக் குருதி ஒழுகுகின்றது என்று புலம்புகின்றான். மன்னன் கை தூய்மையாக இருக்கின்றது; நாடு குருதி வடிக்கின்றது.

இந்நிலையில்தான், நெடுநேரம் நம் கண்ணுக்கு மறைந்திருந்த மனைவி மீண்டும் தோன்றுகின்றாள். முன்னர் இருளை வாவென்று அழைத்தவள், இப்போது விளக்கின்றி ஓர் இரவும் இருக்கமாட்டாதவள். உறக்கத்திலே எழுந்து நடந்து, இல்லாத கறையைக் கழுவிக் கழுவிப் பார்க்கின்றாள். சாரா சிடன்ஸ் என்னும் நடிகையார் 1785-இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் இவ்வேடம் பூண்டபோது, இக்காட்சியிற் கைவிளக்கைக் கீழே வைத்துவிட எண்ணினார். முன்பு புகழ்பெற்ற நடிகையார் விளக்கைக் கைவிடாமலே நடித்திருந்தமையால், அரங்கத் தலைவராகிய ஷெரிடன் அதனைத் தடுக்க முயன்றார். விளக்கை ஒரு கையிற் பிடித்துக்கொண்டு கைகழுவுவது எங்ஙனம் என்பது அம்மையார் கொள்கை. அவ்வாறே நடித்தார், நடித்து முடிந்தபின் ஷெரிடனே பாராட்டினார். ஜப்பானியராகிய அகிரா குரோசாவா 1957-இல் இக்கதையைத் தம் நாட்டுப் போர்மறவர் வாழ்க்கையிற் பொருத்தித் திரைப்படமாக எடுத்தபோது, ஷேக்ஸ்பியரின் சொற்களையெல்லாம் விட்டுவிட்டார். தலைவி ஓயாது கைதேய்த்துக் கழுவும் காட்சியை மட்டும் விட்டாரில்லை.

அவள் எவர் குருதியைக் காண்கின்றாள் என்பதை ஆராய்தல் வேண்டும். அம்முதியவன் உடலில் இத்தனை குருதி இருக்குமென்று யார் எண்ணினர் என்று டங்கனை நினைக்கின்றாள். அதனோடு நின்றாளில்லை. மாக்டப்பின் மனைவி இப்போது எங்கே என்று வினவுகின்றாள்; பாங்கோவையும் நினைக்கின்றாள். பாங்கோவைக் கொல்ல ஏற்பாடு செய்தபோது, நீ அறியாதிருப்பதே நன்று என்று மாக்பெத் அவளிடம் மறைத்தான். மாக்டப் குடும்பத்தின் கொலையிலும் அவளுக்குப் பங்கிருந்ததாக நாடகத்தில் ஒரு சொல்லும் இல்லை. அவன் செய்வித்துக் காண மறுத்த குருதியையெல்லாம் அவள் தன் கையிற் காண்கின்றாள். சிறிது நீர் போதும் என்றவளுக்கு அராபிய நாட்டு நறுமணப் பொருள்கள் அனைத்தும் போதவில்லை. மருத்துவனும் தன் கலை பயன்படாது என்று கைவிடுகின்றான். நாடக முடிவில் மால்கம் அவளைப் பேய்த்தன்மையுடைய அரசி என்று தீர்ப்புக் கூறுகின்றான். உரையாசிரியர் சிலரும் அதனை அப்படியே ஏற்று, அவளை நான்காஞ் சூனியக்காரி என்பர். யாம் உடன்படோம். மால்கம் அவள் உறக்கத்தில் நடந்ததைக் கண்டவனல்லன், நாம் கண்டோம். அவள் குற்றத்தை யாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால் பிறர் துன்பத்தைத் தன் கையிலுள்ள கறையாகக் காண்பவளிடம் மனிதத்தன்மை இன்னும் மாய்ந்துவிடவில்லை. தடிக்குமாறு வேண்டப்பெற்ற குருதி தடிக்கவில்லை. அடைக்கப்பெற்ற வழி உடைந்து இரக்கம் உள்ளே புகுந்தது. புகுந்த வேகத்தை அவள் உயிர் தாங்கவில்லை.

அவளுடைய மரணத்தை முன்னறிவிக்கும் மகளிர் அழுகையொலி மாக்பெத்தின் செவியில் விழும்போது, அச்சத்தின் சுவையையே மறந்துவிட்டேன் என்கின்றான். மனைவி இறந்தாள் என்று கேட்டும் அவனுக்குக் கண்ணீர் வரவில்லை. வாழ்க்கைக்குப் பொருளில்லை என்னும் சிந்தனையே வருகின்றது. கறை காணாத கண்ணுக்குக் கிடைத்த பரிசு இது.

ஈண்டு ஒரு தடை எழலாம். இறுதிப் போரில் மாக்டப் எதிர்ப்படும்போது, உன் இனத்தார் குருதி என் ஆன்மாவில் ஏற்கெனவே மிகுதியாக ஏறியுள்ளது, விலகிச் செல் என்று மாக்பெத் கூறுகின்றானே. அவனும் கண்டவன் அல்லனோ என்று கற்றோர் வினவுவர். தக்க வினாவே. அக்கணத்தில் அவன் கண்டான் என்றே யாமும் கொள்கின்றோம். ஆயின் எப்போது கண்டான்? அக்குருதிக்கு உரியவன் வாளேந்தி எதிரே வந்து நின்றபோது. அதற்குமுன் கொலைகளை எண்ணிப் பார்க்க அவனுக்கு இரவுகள் பல இருந்தன. அவள் தனிமையிற் கண்டதை அவன் எதிரியின் முகத்திற் கண்டான். அன்றியும், கண்டபின் வாளைக் கீழே போட்டானில்லை. முதலிற் கையிற் பட்ட கறை ஈற்றில் ஆன்மாவிற் படிந்ததை அவனே ஒப்புக்கொள்கின்றான் என்பதால், அவ்விடம் எம் கருத்துக்குத் துணையாகவே நிற்கின்றது.

இந்நாடகத்தை நாம் இன்று ஏன் பயிலல் வேண்டும்? நம்மில் எவரும் மன்னனைக் கொன்று அரியணை ஏறப்போவதில்லை. ஆனால் மாக்பெத் சென்ற வழி, கையிலிருந்து கூலியாளுக்கும், கூலியாளிலிருந்து வெறும் ஆணைக்கும் சென்ற வழி, நம் காலத்திலே அகன்ற சாலையாகிவிட்டது. இக்காலப் போரிலே பொத்தானை அழுத்துவோன், நெடுந்தொலைவிற் சாயும் குழந்தையின் முகத்தைக் காண்பதில்லை. ஓர் ஏழையின் பிழைப்பைப் பறிக்கும் ஆணையிற் கையெழுத்திடுவோன் விரலில் இன்று மையும் படிவதில்லை. பொருளும் பதவியும் தேடிச் செல்லும் நம் மாணவர்களுள் பலர் நாளை ஆணையிடும் இடங்களில் அமர்வர். அங்கே அவர்கள் செய்யும் தீங்கு அவர்கள் கண்முன் நிகழாது. வேறொருவர் கையால், வேறோர் ஊரில் நிகழும். உயரவேண்டும் என்னும் ஊக்கம் நன்றே. அதனை யாம் தடுப்போமல்லேம். உயருந்தோறும் கீழே நிகழ்வது கண்ணுக்கு மறையும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். தன் கை தூயது என்று தோன்றும்போதெல்லாம், அது கறையின்மையால் தோன்றுகின்றதோ, காணாமையால் தோன்றுகின்றதோ என்று ஒருமுறை உசாவிக்கொள்வானாயின், அம்மாணவன் மாக்பெத் நாடகத்தைத் தேர்வுக்காக மட்டும் பயின்றவனாகான்.